கத்தியைத் தீட்டுவது போல: வேட்டைத் துப்பாக்கி வாங்குமுன் நாங்கள் ஒப்பிட்டவை



நியூசிலாந்தின் வட தீவில் வாழும் எங்கள் குடும்பம், பல மாத ஆலோசனைக்குப் பின் வேட்டைத் துப்பாக்கி ஒன்றை வாங்கியது. செய்தி அறிந்ததும் இருவகைக் கேள்விகள் எங்களைத் தேடி வந்தன. "பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிற வீட்டிலே துப்பாக்கி எதுக்கு வாப்பா?" என்று ஊரிலிருந்து உம்மா கேட்டார்கள். இங்கே மாலை மதரஸாவுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் சிலரோ, "எந்தக் கம்பெனி நல்லது உஸ்தாத், எவ்வளவு ஆகும்?" என்று கேட்டனர். முதற்கேள்வி மார்க்கம் பற்றியது, இரண்டாவது கடைப்பொருள் பற்றியது என்று தோன்றலாம். ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கியபின், இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருப்பதைக் கண்டோம். அதைப் பகிர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாயகத்தில் உள்ள வாசகர்களுக்கு முதலில் ஒரு சொல். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. அங்கே வாழ்வோர் அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். இங்கே நாம் பேசுவது வேறொரு மண்ணின் நிலைமை.

இந்நாட்டில் வேட்டை ஏன்?

நியூசிலாந்தின் காடுகளில் இயற்கையாக வாழ்ந்த தரைப் பாலூட்டிகள் வௌவால்கள் மட்டுமே. செம்மான், சிகா மான், ஃபாலோ மான் அனைத்தும் 19ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் குடியேறியவர்கள் கொண்டுவந்து விட்டவை. அவற்றைத் தின்னும் விலங்கு இங்கே எதுவும் இல்லாததால் அவை பல்கிப் பெருகி, இளங்கன்றுகளைத் தின்று காட்டின் அடித்தளத்தையே வெறுமையாக்கின. 1930களில் அரசே சம்பளம் கொடுத்து ஆள் வைத்து மான்களைக் கொல்லும் நிலை வந்தது. இன்றும் பொதுப் பாதுகாப்பு நிலங்களில் வேட்டையாட, இயற்கைப் பாதுகாப்புத் துறை கட்டணமின்றி அனுமதிச்சீட்டு வழங்குகிறது.

ஆக, இங்கு மான் வேட்டை அரிய உயிரை அழிக்கும் செயல் அன்று. காட்டுக்கும் நன்மை, வீட்டுக்கும் உணவு. ஆயினும் வேட்டை விலங்கின் பின்னாலேயே அலைபவர் கவனமற்றவராகிவிடுவார் என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ளது. உயிருள்ள எதையும் குறிபார்க்கும் இலக்காக வைத்து விளையாடுவதையும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். எனவே பொழுதுபோக்குக்காக அன்று, உண்பதற்காக மட்டும், ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று மான்கள் என்று எங்களுக்குள் ஓர் எல்லை வகுத்துக்கொண்டோம். மான்கள் வெளிப்படும் நேரம் விடியலும் அந்தியும்; அவை ஃபஜ்ருக்கும் மஃரிபுக்கும் உரிய நேரங்கள். தொழுகைப் பாயும் திசைகாட்டியும் எங்கள் முதுகுப்பையில் முதலில் இடம்பெறுபவை.

மார்ச் 15ஐ மறந்துவிட்டுப் பேச முடியாது

இந்நாட்டு முஸ்லிம் ஒருவர் துப்பாக்கிக் கடையின் கதவைத் திறக்கும்போது, 2019 மார்ச் 15 அவருடனேயே உள்ளே நுழைகிறது. கிறைஸ்ட்சர்ச் நகரின் அந்நூர் பள்ளிவாசலிலும் லின்வுட் இஸ்லாமிய மையத்திலும் ஜும்ஆவுக்குத் திரண்டிருந்தவர்களில் 51 பேர் கொல்லப்பட்டனர். அல்லாஹ் அவர்களை ஷஹீத்களாக ஏற்றுக்கொள்வானாக. ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அரைத் தானியங்கி முறையில் அடுத்தடுத்துச் சுடக்கூடிய பெரும்பாலான துப்பாக்கிகளைத் தடைசெய்தது. கொலையாளிக்கு 2017இல் உரிமம் வழங்கியபோது உரிய விசாரணை முறையாக நடைபெறவில்லை என்று அரச விசாரணை ஆணையம் 2020இல் தெரிவித்தது.

இதை நினைவில் வைத்துத்தான் உரிமத்துக்கு விண்ணப்பித்தோம். பாதுகாப்புப் பயிற்சி, எழுத்துத் தேர்வு, வீட்டுக்கு வந்து பெட்டகத்தைப் பார்த்தல், வாழ்க்கைத் துணையையும் வெளியார் ஒருவரையும் தனித்தனியே விசாரித்தல் என்று நடைமுறை நீண்டது. வீட்டில் சண்டை வருமா, கோபம் வந்தால் இவர் எப்படி நடந்துகொள்வார், மனச்சோர்வு உண்டா என்றெல்லாம் கேட்கப்பட்டது. சிலருக்கு இவை எரிச்சலூட்டலாம். எங்களுக்கோ, இந்தக் கேள்விகள் அன்று சரியாகக் கேட்கப்பட்டிருந்தால் என்ற எண்ணமே மேலோங்கியது. இவை நம்மைச் சந்தேகிக்கும் கேள்விகள் அல்ல. நம் பள்ளிவாசல்களைக் காக்கும் கேள்விகள். 2023 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்துள்ள துப்பாக்கிப் பதிவேட்டில் எங்கள் துப்பாக்கியின் எண்ணை மனமுவந்து பதிந்தோம்.

போல்ட் வகையை ஏன் தேர்ந்தோம்?

வேட்டைக்குப் பெரிதும் பயன்படுவது போல்ட் ஆக்‌ஷன் எனப்படும் வகை. பக்கவாட்டில் உள்ள கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால் வெற்றுக்கூடு வெளியே விழும். முன்னே தள்ளிக் கீழே மடித்தால் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறும். ஒவ்வொரு சுடுதலுக்கும் இந்த வேலையைக் கையால் செய்தாக வேண்டும். இதன் அடிப்படையை ஜெர்மனியின் மவுசர் நிறுவனம் 1898இல் உறுதிப்படுத்தியது. இன்றைய துப்பாக்கிகள் பலவும் அதன் வழித்தோன்றல்களே.

விரைவாகச் சுட முடியாமை இதன் குறை என்பர். வேட்டைக்குச் செல்லும் முஃமினுக்கு அதுவே இதன் நிறை என்று நாங்கள் கருதுகிறோம். ஒரு குண்டுக்கும் மறு குண்டுக்கும் இடையே சிந்திக்க ஒரு கணம் கிடைக்கிறது. போல்டைத் திறந்து வைத்தால் அறை காலியாக இருப்பதை யாரும் கண்ணால் காணலாம். போல்டை முற்றிலும் உருவி எடுத்து வேறிடத்தில் பூட்டிவிட்டால், எஞ்சுவது வெறும் இரும்புக் குழாயும் அடிக்கட்டையும்தான்.

உறையிலிருந்து உருவிய வாளை அப்படியே ஒருவர் மற்றவரிடம் கைமாற்றுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புகளுடன் செல்பவர் அவற்றின் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற அறிவுரை புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. விளையாட்டாகக் கூடச் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டக் கூடாது என்பதும் அவ்வாறே. இந்நாட்டு அரசு வெளியிட்டுள்ள ஆயுதக் கையேட்டின் ஏழு விதிகளைப் படித்தபோது எங்களுக்கு வியப்பு ஏற்பட்டது. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருது, எப்போதும் பாதுகாப்பான திசையிலேயே பிடி, சுடத் தயாராகும் போது மட்டும் அறையில் தோட்டாவை ஏற்று, இலக்கு எதுவென ஐயமற உறுதிசெய், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார், பாதுகாப்பாக வை, மதுவையும் போதையையும் தவிர் என்பன அவை. ஒரு மதரஸா மாணவர் இவற்றில் எதையும் புதிதென்று சொல்லமாட்டார்.

மூன்று துப்பாக்கிகள்

எங்கள் வசதிக்குள் அடங்கிய மூன்றை எடுத்துக்கொண்டோம்: பின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ், ஜப்பானின் ஹோவா 1500, அமெரிக்காவின் ரூகர் அமெரிக்கன். மூன்றும் நம்பத்தக்கவை. நூறு மீட்டரில் மானின் நெஞ்சைத் தவறாமல் தாக்கும் துல்லியம் மூன்றுக்கும் தாராளமாக உண்டு. ஆகவே துல்லியத்தை ஒப்பிட்டு நாட்களை வீணாக்கவில்லை. கையாளும் முறையை ஒப்பிட்டோம்.

டிக்காவின் போல்ட் மிக வழுவழுப்பாக ஓடுகிறது. கைப்பிடியை ஏறத்தாழ 70 பாகை உயர்த்தினாலே திறந்துகொள்ளும்; மேலே பொருத்திய தொலைநோக்கியில் விரல் இடிப்பதில்லை. எடையும் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மலையேறுபவருக்கு அது பெரிய உதவி. கை நீளம் குறைந்தவர்களுக்காகக் குட்டையான அடிக்கட்டையுடன் ஒரு வடிவமும் கிடைக்கிறது. ஆனால் அதன் பாதுகாப்பு விசைக்கு இரண்டே நிலைகள். பூட்டிய நிலையில் போல்டும் சேர்ந்து பூட்டிக்கொள்வதால், அறையில் உள்ள தோட்டாவை வெளியேற்ற வேண்டுமானால் முதலில் பாதுகாப்பை நீக்கியாக வேண்டும்.

ரூகர் மூன்றிலும் விலை குறைந்தது. அதன் பாதுகாப்பு விசை பின்புறத்தில் கட்டைவிரலுக்கு எளிதாக எட்டும் இடத்தில் உள்ளது. பாதுகாப்பு பூட்டியிருக்கும்போதே போல்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுக்கலாம். புதரில் நடக்கும்போது கைப்பிடி கொப்பில் மாட்டித் தானே திறந்துகொள்ள வாய்ப்பிருப்பது இதன் மறுபக்கம். பிளாஸ்டிக் அடிக்கட்டை அழுத்தினால் சற்று வளைகிறது. போல்டின் ஓட்டமும் தொடக்கத்தில் கரடுமுரடாக இருந்தது. குறைந்த விலைக்கு நேர்மையான பொருள் என்று சொல்லலாம்.

ஹோவா கனமானது, தொலைநோக்கி இல்லாமலேயே மூன்றரைக் கிலோவை நெருங்குகிறது. போல்டைத் திறக்க 90 பாகை உயர்த்த வேண்டும். விசை இரண்டு கட்டங்களாக இயங்குகிறது: முதலில் இலேசாக நகர்ந்து ஓரிடத்தில் நிற்கும், அதைத் தாண்டி அழுத்தினால்தான் வெடிக்கும். 'இதோ, இனி வெடிக்கும்' என்று விரலுக்கு அறிவித்த பின்னரே வெடிக்கும் இந்த அமைப்பு எங்களுக்குப் பிடித்திருந்தது. பாதுகாப்பு விசைக்கு மூன்று நிலைகள். கடைசி நிலையில் விசையும் போல்டும் பூட்டிக்கொள்ளும். நடுநிலையில் விசை மட்டும் பூட்டியிருக்க, போல்டைத் திறந்து தோட்டாவை எடுத்துவிடலாம். புதரில் நடக்கும்போது ஒன்று, தோட்டாவை இறக்கும்போது மற்றொன்று என்று இரு தேவைகளுக்கும் அது ஈடுகொடுத்தது.

கடைக்காரர் டிக்காவையே புகழ்ந்தார். அவர் சொன்னதில் பொய்யில்லை. தனியே மலையேறும் இளைஞருக்கு அதுவே பொருத்தமாகவும் இருக்கலாம். நாங்களோ கணவனும் மனைவியுமாகச் செல்பவர்கள், செங்குத்தான மலைகளில் ஏறாதவர்கள், வீட்டில் மூன்று பிள்ளைகளை வைத்திருப்பவர்கள். எடையைச் சுமக்கலாம், ஐயத்தைச் சுமக்க வேண்டாம் என்று இருவரும் ஒருமனதாக ஹோவாவைத் தேர்ந்தோம். உங்கள் நிலைமை வேறென்றால் உங்கள் விடையும் வேறாக இருக்கும். மூன்றையும் கையில் எடுத்து, தோளில் அணைத்து, காலியான நிலையில் போல்டைப் பத்து முறை இயக்கிப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

தோட்டாவின் அளவு

துப்பாக்கியைவிடத் தோட்டாவின் அளவில்தான் ஆண்கள் தங்கள் பெருமையைக் காட்ட முற்படுகின்றனர். நாங்கள் மூன்று உடன்பிறப்புகளை ஒப்பிட்டோம். 1952இல் வந்த .308 வின்செஸ்டரின் கூட்டைக் கழுத்தில் ஒடுக்கியே 1955இல் .243 வின்செஸ்டரும், 1980இல் 7 மி.மீ.-08 ரெமிங்டனும் உருவாயின. .308 எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். பின்னுதைப்பு சற்று அதிகம். .243 தோளை வருத்தாது. ஆனால் அதன் குண்டு பெரும்பாலும் 6.5 கிராமுக்குள் அடங்குவதால், பெரிய செம்மானுக்கு மிகத் துல்லியமாகப் படவேண்டும். 7 மி.மீ.-08இல் 9 கிராம் அளவிலான குண்டை, .308ஐவிடக் குறைந்த உதைப்புடன் சுடலாம்.

உதைப்புக்கு அஞ்சுபவர் விசையை அழுத்தும் கணத்தில் கண்ணை மூடுகிறார், தோளைச் சுருக்குகிறார். குண்டு நெஞ்சில் படாமல் வயிற்றில் படுகிறது. மான் ஓடிப்போய்ப் புதரில் படுத்து, மணிக்கணக்கில் துடித்துச் சாகிறது. எல்லாவற்றிலும் அழகிய முறையை அல்லாஹ் விதித்துள்ளான், அறுப்பவர் தம் கத்தியைத் தீட்டிக்கொள்ளட்டும், பிராணிக்கு ஆறுதல் அளிக்கட்டும் என்ற கருத்தில் ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் நபிமொழி முஸ்லிமில் உள்ளது. வேட்டைக்காரர் தம் தோளுக்குத் தாங்கும் தோட்டாவைத் தேர்வதும், நூறு மீட்டரில் பலகையில் சுட்டுத் தொலைநோக்கியைச் சரிசெய்வதும், தம்மால் உறுதியாகச் சுட முடிகிற தூரத்தைத் தாண்டிச் சுட மறுப்பதும் இக்காலத்துக் கத்தி தீட்டல் என்றே நாங்கள் விளங்கிக்கொண்டோம். இருவருக்கும் ஏற்ற 7 மி.மீ.-08ஐ எடுத்தோம். எங்கள் எல்லை 150 மீட்டர். அதற்கப்பால் நிற்கும் மான், அன்று நமக்கு எழுதப்படாத ரிஸ்க்.

குண்டின் உலோகத்தையும் பாருங்கள். ஈயக் குண்டு உடலில் பட்டதும் நுண்துகள்களாகச் சிதறி இறைச்சியில் கலக்கிறது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. செம்புக் குண்டு விலை கூடுதல். ஆனால் பெரிதும் சிதறாமல் ஒரே துண்டாகச் செல்லும். உணவு ஹலாலாக மட்டுமன்றித் தய்யிபாகவும் இருக்க வேண்டும் அல்லவா?

குண்டடிபட்டு இறந்த மான்

பலரும் எங்களிடம் கேட்டது இதுவே. அம்பால் வேட்டையாடுவது பற்றி அதிய் பின் ஹாதிம் (ரலி) கேட்டபோது, கூரிய முனையால் துளைத்துக் கொன்றதை உண்ணலாம், அகலப் பகுதி மோதிக் கொன்றதை உண்ணக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். அடிபட்டுச் செத்தது கூடாது என்பது அதன் அடிப்படை. துப்பாக்கிக் குண்டு துளைக்கிறதா, அடிக்கிறதா? அறிஞர்கள் இதில்தான் வேறுபட்டனர்.

ஹனஃபி மத்ஹபின் இப்னு ஆபிதீன் (ரஹ்) போன்றோர் ஈயக் குண்டால் இறந்ததைக் கூடாது என்றனர். ஷாஃபிஈ மத்ஹபின் பழைய நூல்கள் உருண்டைக் குண்டுகளால் இறந்ததை விலக்குகின்றன. இமாம் ஷவ்கானீ (ரஹ்) துப்பாக்கிக் குண்டு துளைத்துச் செல்கிறது என்ற காரணத்தால் அனுமதித்தார்கள். நம் காலத்தில் யூசுஃப் அல்கர்ளாவீ அவர்களும் அவ்வாறே கூறினார்கள். அனைவருமே, உயிருடன் கிடைத்தால் முறைப்படி அறுத்துவிட வேண்டும் என்பதில் ஒன்றுபடுகின்றனர்.

இங்கே ஓர் உண்மையான நெருக்கடி எழுகிறது. பேணுதலை நாடுபவர், மான் உயிருடன் கிடைக்க வேண்டும் என்று விரும்புவார். ஆனால் நல்ல குண்டு நெஞ்சில் பட்டால் சில வினாடிகளில் உயிர் போய்விடும். அறுப்பதற்கு வாய்ப்பு வேண்டுமென்று காலிலோ இடுப்பிலோ சுடலாமா? கூடாது என்பதே எங்கள் உறுதியான நிலைப்பாடு. அறுக்கும் கடமையை நிறைவேற்றுவதற்காக வேண்டுமென்றே வதைப்பது, கத்தியைத் தீட்டச் சொன்ன அந்த நபிமொழியின் நோக்கத்தையே முறிப்பதாகும்.

எனவே பிஸ்மில்லாஹ் சொல்லி, உடனே உயிர்போகும் இடத்தைக் குறிபார்த்துச் சுடுகிறோம். அறையைக் காலிசெய்துவிட்டுக் கத்தியுடன் விரைகிறோம். உயிர் இருந்தால் அறுக்கிறோம். இறந்திருந்தால், எங்களுக்கு வழிகாட்டும் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்தபடி, கூர்முனைக் குண்டு துளைத்துக் கொன்றதை அனுமதிக்கும் கருத்தைப் பின்பற்றி உண்கிறோம். தண்ணீருக்குள் வீழ்ந்து கிடக்கும் வேட்டைப் பிராணியை, எதனால் இறந்தது என்று அறியாத நிலையில் உண்ணக் கூடாது என்பதும் அதிய் (ரலி) அறிவிக்கும் செய்தியில் உள்ளதால், ஓடையின் விளிம்பில் நிற்கும் மானைச் சுடுவதில்லை.

விருந்தினருக்குப் பரிமாறுமுன், "இது அறுத்தது" அல்லது "இது குண்டிலேயே இறந்தது" என்று சொல்லிவிடுகிறோம். மாற்றுக் கருத்துடையவர் கை வைக்காவிட்டால் மனம் வருந்துவதில்லை. அவருக்கெனக் கோழிக்குழம்பு தனியே இருக்கும். உங்கள் மத்ஹபு, உங்கள் ஆலிம் எதைச் சொல்கிறாரோ அதைப் பின்பற்றுங்கள். நம்முடைய கருத்தை அடுத்தவர் தட்டில் அவரறியாமல் வைப்பதுதான் குற்றம்.

வாங்கியபின் வரும் பொறுப்பு

விலையைக் கணக்கிடும்போது துப்பாக்கியின் விலையை மட்டும் எண்ணாதீர்கள். தரையிலும் சுவரிலும் திருகி இறுக்கிய இரும்புப் பெட்டகம், தொலைநோக்கி, காதுக் காப்பு, பயிற்சிக்கான தோட்டா ஆகியவற்றுக்கும் முதலிலேயே பணம் ஒதுக்குங்கள். கையில் பணம் குறைந்தால் துப்பாக்கியின் தரத்தைக் குறையுங்கள். பெட்டகத்தின் தரத்தைக் குறைக்காதீர்கள். எங்கள் வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டில், போல்ட் வேறொரு பூட்டில், தோட்டாக்கள் மற்றொரு பூட்டில் உள்ளன. சாவி இருக்குமிடம் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் துப்பாக்கி இருப்பது அவர்களுக்குத் தெரியும். மறைத்து வைத்த பொருளே பிள்ளைகளின் கையைத் தேடி இழுக்கும் என்பதால், அது என்ன, ஏன் தொடக் கூடாது என்று அமர்த்திச் சொல்லிக்கொடுத்தோம்.

உரிமம் பெற்றவர் என்பதற்காக அதைப் படம் எடுத்துக் குழுக்களில் பகிர்வதையும் தவிர்க்கிறோம். மார்ச் 15இல் தந்தையை, கணவரை, பிள்ளையை இழந்தவர்கள் நம் ஜமாஅத்துகளில் நம்முடன் தொழுகின்றனர். அவர்கள் கண்ணில் படும்படி துப்பாக்கியைக் காட்டிப் பெருமைகொள்ள எந்த வேட்டைக்கும் தகுதியில்லை.

எந்தத் துப்பாக்கி நல்லது என்று கேட்ட பெற்றோருக்கு எங்கள் பதில் இதுவே: பிராணிக்கு வேதனை குறைவாகவும், தோட்டாவை இறக்கும்போது ஆபத்து குறைவாகவும், பூட்டிவைக்க எளிதாகவும் உங்கள் கைக்கு எது அமைகிறதோ அதுவே நல்லது. எதுக்கு என்று கேட்ட உம்மாவிடமும் இதையேதான் சொன்னோம். அமானிதமாகப் பேண முடியும் என்ற உறுதி இருந்ததால் வாங்கினோம். அந்த உறுதி என்று குறைகிறதோ அன்று அதை முறைப்படி விற்றுவிடுவோம். உம்மா சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்ப சாவியைப் பத்திரமா வைங்க" என்றார்கள்.

வல்ல அல்லாஹ் நம் உணவைத் தூய்மையானதாகவும், நம் கைகளைப் பிறர் அஞ்சாத கைகளாகவும், நம் வீடுகளை அமைதியான வீடுகளாகவும் ஆக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.